மிட்டாய்க் கடையில் அடுப்பு இருந்த இடம்

இந்த முறை மிட்டாய்க் கடைகளைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு மாத்திரை டப்பா ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அந்த டப்பா உண்டு. ஆகையால் தின்பண்டத்தை விட்டுவிட்டுக் கடையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைக்குள் அடுப்பு எங்கே இருந்தது, தட்டு எங்கே இருந்தது, விளக்கு எங்கே எரிந்தது, விற்பவர் எங்கே உட்கார்ந்தார், வாங்குகிற நாம் எங்கே நின்றோம் என்பதுதான் இன்றைய விஷயம். படித்தால் சர்க்கரை ஏறாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரிசியை இரண்டு மணி எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து வாங்கலாம். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கலாம். துணியைக் கசக்கிப் பார்க்கலாம். மிட்டாயை அப்படிச் சோதிக்க வழியில்லை. நெய்யா வனஸ்பதியா, இன்று போட்டதா மூன்று நாள் முன் போட்டதா, மஞ்சள் நிறம் கடலை மாவுடையதா அல்லது சாயப் பொடியுடையதா என்பதெல்லாம் காசு கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், வாயில் போட்ட பிறகுதான் தெரியும். சில சங்கதிகள் அப்போதும் தெரியாது. அதனால் மிட்டாய் வாங்குகிறவர் வேறு எதையாவது பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. எதைப் பார்த்து நம்பினோம் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. கடையின் உள்ளமைப்பும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. ஐம்பது அறுபது வருடமாகக் கடை வாசல்களில் நின்று நான் கண்டுகொண்டது இதுதான்.

லாலா கடை

தென் மாவட்டத்து நண்பர்கள் மிட்டாய்க் கடையை இன்றும் லாலா கடை என்றுதான் சொல்வார்கள். வடக்கேயிருந்து வந்து தமிழ்நாட்டில் குடியேறிய குடும்பங்கள் பல ஊர்களில் இந்தத் தொழிலை நடத்தியதால் வந்த பெயர். திருநெல்வேலி அல்வாவின் பின்னால் இருப்பவர்கள் சிங் குடும்பத்தார். 1949-ல் தஞ்சாவூரில் தொடங்கிய பாம்பே ஸ்வீட்ஸும் வடக்கிலிருந்து வந்தவர் வைத்த கடைதான். அவர்கள் பாஷை தமிழாகிப் பல தலைமுறை ஆயிற்று. கடைக்கு மட்டும் லாலா பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கடையின் அமைப்பு நம் வயதுக்காரர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். தெருவை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை. ஒரு பக்கம் மண்ணாலோ செங்கல்லாலோ கட்டிய கோட்டை அடுப்பு, அதன்மேல் பெரிய இரும்புச் சட்டி. மறு பக்கம் பலகைப் படிகள். அவற்றின்மேல் ஈயம் பூசிய பித்தளைத் தாம்பாளங்களில் லட்டு கோபுரமாக அடுக்கியிருக்கும், ஜிலேபி வட்டமாகச் சுற்றி வைத்திருக்கும், காராசேவு குன்று மாதிரி குவிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். கை எட்டுகிற தூரத்தில் எல்லாம் இருக்கும்: உத்தரத்திலிருந்து தொங்கும் தராசு, கல்லாப்பெட்டி, கிழித்து வைத்த செய்தித்தாள், மந்தாரை இலைக் கட்டு, நூல்கண்டு. அவருக்குப் பின்னால் இருட்டறை. அதில் சர்க்கரை மூட்டை, எண்ணெய் டின், விறகு. வாங்குகிறவர் நிற்பது தெருவில்.

அதாவது அந்தக் கடைக்கு வாங்குகிறவர் நுழையும் 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. இதில் ஒரு சமூக விஷயமும் இருக்கிறது. அதே காலத்தில் காப்பிக் கடைகளிலும் ஓட்டல்களிலும் யார் எங்கே உட்காரலாம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957-ல் கிளர்ச்சி நடத்தியது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மிட்டாய்க் கடையில் யாருக்கும் உட்கார இடம் இல்லாததால் அந்தப் பலகைக்கும் இடம் இல்லை. எல்லோரும் வெயிலில் ஒரே வரிசையில் நின்றார்கள். இதை வைத்து அங்கே வேற்றுமையே இல்லை என்று சொல்லிவிட மாட்டேன். பொட்டலத்தை ஒருவர் கையில் கொடுப்பதற்கும் இன்னொருவர் கையில் மேலிருந்து போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. மேடையின் உயரம் தெருநாய்க்கு எட்டக்கூடாது என்பதற்காக மட்டும் வைத்ததில்லை.

அங்கே நம்பிக்கைக்கு ஆதாரம் அடுப்புதான். சட்டியில் பூந்தி விழுவதை நாம் பார்த்தோம். எண்ணெய் கறுத்திருக்கிறதா என்று பார்த்தோம். பாகு கம்பிப் பதம் வந்ததா என்று மாஸ்டர் இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பதைக்கூடப் பார்த்தோம். நெய்க்கும் டால்டாவுக்கும் உள்ள வேற்றுமையை மூக்கே சொல்லிவிடும். மாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் அதுவே விளம்பரம்.

குறை என்னவென்றால் ஈ. தெருப் புழுதியும் ஈயும் தாம்பாளத்துக்கு நேராக வந்தன. ஒரு பையன் விசிறியோடு நிற்பான். சில கடைகளில் கொசுவலைத் துணியோ கம்பிவலை மூடியோ போட்டிருப்பார்கள். பித்தளையில் ஈயம் தேய்ந்துவிட்டால் புளிப்புப் பண்டம் களிம்பேறிவிடும். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வராத மாதத்தில் அதுவும் ஒரு கவலை. பழைய கடையை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்த ஈயையும் களிம்பையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சம் இல்லாத கடை

நம்பிக்கைக்குக் கண்ணே வேண்டாம் என்று காட்டிய கடையும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. திருநெல்வேலி நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் உள்ள இருட்டுக்கடை. நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிற கடை. மின்சாரம் இல்லாத காலத்தில் ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு மாலையில் மட்டும் வியாபாரம் செய்தார்கள். ஜனங்கள் இருட்டுக்கடை என்றார்கள். பிறகு மின்சாரம் வந்தது. தெரு முழுக்க ட்யூப்லைட் எரிந்தது. அவர்கள் மட்டும் ஒரு மங்கலான குண்டு பல்போடு நிறுத்திக்கொண்டார்கள். பளபளக்கும் பெயர்ப்பலகையும் இல்லை, கண்ணாடி அலமாரியும் இல்லை. மாலையில் சில மணி நேரம் திறப்பார்கள், சரக்கு தீர்ந்ததும் சாத்திவிடுவார்கள்.

கடை அலங்காரம் என்று படித்தவர்கள் பேசும்போது இந்தக் கடையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நான் முதலிடம் கொடுப்பேன். வெளிச்சத்தை வைத்து ஆளை இழுப்பது எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரிந்த வித்தை. வெளிச்சத்தைக் கூட்டாமல் வைத்தே பெயர் எடுத்தவர்கள் இவர்கள்தான். அங்கே ஜனங்கள் நம்புவது சரக்கு அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிறது என்பதை. வரிசை நீளமாக இருந்தால் பழைய சரக்கு இருக்க வழியில்லை. ஆகவே அந்தக் கடையின் உள்ளமைப்பு தெருவில் நிற்கிற வரிசைதான் என்றுகூடச் சொல்லலாம்.

பாரிஸில் மருந்துக்கடை மாதிரி

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்தப் படிப்பு அரசாங்கக் கோப்புகளுக்கு எந்த உபயோகமும் படவில்லை. மிட்டாய்க் கடைக்குக் கொஞ்சம் உபயோகப்படுகிறது.

பிரெஞ்சுக்காரர்களின் கேக் கடையில் சமையல் அறை எப்போதும் பின்கட்டில்தான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லபொரத்துவார். அதாவது சோதனைச்சாலை. பள்ளியில் ரசாயனப் பரிசோதனை செய்கிற அறைக்கும் அதே சொல்தான். சிறுவனாக இருந்தபோது இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிற்பாடு படித்தபோது காரணம் விளங்கியது. ஐரோப்பாவில் சர்க்கரையும் சாக்லேட்டும் நெடுங்காலம் மருந்துக்கடைச் சரக்காக இருந்தவை. பாரிஸில் 1800-ல் தொடங்கிய தெபோவ் எ காலே என்ற சாக்லேட் கடையை நிறுவிய சுல்பீஸ் தெபோவ், பதினாறாம் லூயி மன்னருக்கு மருந்து தயாரித்தவர். சேன் பேர் வீதியில் உள்ள அந்தக் கடையை வடிவமைத்தவர்கள் பெர்சியே, ஃபோந்தேன் என்ற இருவர். நெப்போலியனுக்கு அரண்மனை வேலை செய்த கட்டடக் கலைஞர்கள்! கடை இன்றும் இருக்கிறது. அரைவட்டமாக வளைந்த மர மேசை, பின்னால் தூண்கள், அலமாரிகள். பார்த்தால் பழைய மருந்துக்கடை மாதிரியேதான் இருக்கும். 'இது வைத்தியர் கைப்பட்ட சரக்கு, பயமில்லாமல் சாப்பிடலாம்' என்று மேசையும் அலமாரியும் சொல்கின்றன.

வேறு சில கடைகள் வேறு வழியில் போயின. 1730-ல் பாரிஸ் மோந்தொர்கேய் வீதியில் ஸ்தோரேர் என்ற கடையைத் திறந்தவர், ராணி மாரி லெக்ஸின்ஸ்காவின் அரண்மனையில் பண்டம் செய்தவர். அந்தக் கடைச் சுவர்களில் 19-ஆம் நூற்றாண்டில் தீட்டிய பெண் உருவங்கள் கையில் தட்டு ஏந்தி நிற்கின்றன. 1862-ல் ரொட்டிக்கடையாகத் தொடங்கிய லதுரேயின் கூரையில், சமையல்காரன் வேலை செய்கிற குழந்தைத் தேவதைகளை ஓவியமாகத் தீட்டிவைத்தார்கள். சமையல்காரனைப் பின்கட்டில் மறைத்துவிட்டுக் கூரையில் தேவதையாக வரைந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த வகைக் கடை நம் சென்னைக்கும் வந்தது. 1910-ல் சென்னையில் ஆகாய விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினாரே ஜியாகோமோ தாஞ்சலிஸ், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர், அவர் இங்கே முதலில் தொடங்கியது மேசோன் பிரான்சேஸ் என்ற பெயரில் கேக், மிட்டாய், ஐஸ் வியாபாரம்தான். வாடிக்கைக்காரர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள். நம் லாலா கடையில் அடுப்பு தெருவில் இருந்தது. அவர்கள் கடையில் அடுப்பு சுவருக்குப் பின்னால் இருந்தது. ஒரே ஊரில் கொஞ்ச தூரத்தில் இரண்டு வழக்கமும் இருந்தன. ஒன்றை ஒன்று அதிகம் கண்டுகொள்ளவில்லை.

கண்ணாடி வந்தது

இரண்டையும் நெருங்கவைத்தது கண்ணாடி. நம் ஊர் மிட்டாய்க் கடைகளில் கண்ணாடி அலமாரி பரவலானது சுதந்திரத்துக்குப் பிறகுதான். ஆரம்பத்தில் தேக்குச் சட்டத்தில் சிறுசிறு கண்ணாடிகளைப் பொருத்திய பெட்டிகள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் அலை அலையாக இருக்கும். உள்ளே உள்ள லட்டு கொஞ்சம் நெளிந்து தெரியும். பிறகு முன்பக்கம் சாய்ந்த ஷோகேஸ் வந்தது. மூன்று தட்டு, பின்பக்கம் நகர்த்தும் கதவு, மேலே பொட்டலம் கட்டுவதற்குப் பலகை, அதன்மேல் சன்மைக்கா. பித்தளை போய் எவர்சில்வர் தட்டுகள் வந்தன. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியபோது அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டிருந்தது. ஈயம் பூசுகிறவருக்கு வேலை போயிற்று. அலமாரியின் பின்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டினார்கள். பத்து கிலோ சரக்கு இருபது கிலோவாகத் தெரிந்தது. உள்ளே ட்யூப்லைட் போட்டார்கள்.

கண்ணாடிக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பெரிய சம்பந்தம் உண்டு. வெனிஸ் நகரத்தாரிடம் முகக்கண்ணாடி வாங்கிக் காசைக் கொட்டுவது பிடிக்காமல், பதினான்காம் லூயி காலத்தில் மந்திரி கோல்பேரின் முயற்சியால் 1665-ல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை ஏற்பட்டது. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் உள்ள 357 கண்ணாடிகள் அதன் வேலை. பின்னாளில் தொழிற்சாலை இருந்த கிராமத்தின் பெயரே கம்பெனியின் பெயராயிற்று: சேன் கோபேன். அந்தக் கம்பெனிதான் 2000-ல் நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. உருக்கிய ஈயவெள்ளியின்மேல், அதாவது வெள்ளீயத்தின்மேல், கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் செய்வதால் அலையே இல்லாத தகடு கிடைக்கிறது. இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனி 1950-களில் கண்டுபிடித்த முறை அது. கொரட்டூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், மன்னர் லூயி ஆரம்பித்த கம்பெனியின் கண்ணாடி வார்க்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு. எதையும் வாங்காமல் கடைக் கண்ணாடிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பதற்கு 'லெஷ் வித்ரின்' என்பார்கள். நேர் அர்த்தம், கண்ணாடியை நக்குவது. மிட்டாய்க் கடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. கண்ணாடி வந்ததும் ஈ ஒழிந்தது, புழுதி ஒழிந்தது. கூடவே வாசனையும் ஒழிந்தது. நாக்குக்கும் மூக்குக்கும் இருந்த வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. கண்ணுக்குப் பிடிக்க வேண்டும் என்றதும் நிறம் கூடிற்று. சாயம் போட்ட ஜாங்கிரி, பச்சை பர்பி, மேலே வெள்ளித் தாள். மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தை உணவில் சேர்ப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் உணவு ஆய்வாளர்கள் அதைத் தேடித் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் காரணம் அந்த ஷோகேஸ் வெளிச்சம்தான் என்பேன். இருட்டுக்கடைக்கு அந்தச் சாயம் தேவைப்பட்டிருக்காது.

கொரட்டூரில் ஒரு கடை

நான் கொரட்டூருக்குக் குடிவந்தபோது இது சென்னை மாநகராட்சியில் சேர்ந்திருக்கவில்லை. அம்பத்தூர் நகராட்சிக்கு உட்பட்டிருந்தது. 2011-ல்தான் மாநகராட்சிக்குள் போனோம். வில்லிவாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன், பக்கத்தில் ஏரி, வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, ஏராளமான ஆலைத் தொழிலாளர்கள். பாடிப் பக்கம் பஸ்ஸில் போனால் பிரிட்டானியா ஆலையின் பிஸ்கட் வாசனை ஜன்னல் வழியே வரும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அதற்கு முன்பே டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் எல்லாம் வந்துவிட்டன. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் பட்டறைகளும் ஆலைகளும் தொழிலாளர்களுக்கு இனிப்புப் பெட்டி கொடுக்கும். அந்த ஆர்டரை நம்பியே இந்தப் பக்கத்தில் பல மிட்டாய்க் கடைகள் வளர்ந்தன.

அதில் ஒரு கடை. பெயர் வேண்டாம். விருதுநகர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வைத்திருந்தார். நான் வந்த காலத்தில் அடுப்பு வாசலில்தான். சரக்கு மாஸ்டர் என்பார்கள், மிட்டாய், காரவகை செய்கிறவரை. அவர் பனியனோடு வாசலில் நின்று பூந்தி தேய்த்துக்கொண்டிருப்பார். ஆபீஸ் விட்டு ரயிலிறங்கி வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் முகம் தெரியும். ஒருநாள் நான் மைசூர்பாகு கேட்டேன். கல்லாவில் அண்ணாச்சி இருக்கும்போதே மாஸ்டர் சட்டியிலிருந்து நிமிர்ந்து சொன்னார்: "சார், இன்னைக்குப் பாகு கொஞ்சம் முறுகிடுச்சு. நாளைக்கு வாங்கிக்குங்க. இப்ப காராபூந்தி கொண்டு போங்க." அண்ணாச்சி முகம் சுளிக்கவில்லை. காராபூந்தியை நிறுத்துக் கொடுத்தார்.

தொண்ணூறுகளில் அண்ணாச்சியின் மகன் பொறுப்புக்கு வந்தார். கடையைப் புதுப்பித்தார். வாசல் அடுப்பை இடித்துவிட்டு முழு அகலத்துக்கும் ஷோகேஸ் வைத்தார். அடுப்பு சுவருக்குப் பின்னால் போயிற்று, விறகு போய் காஸ் வந்தது. தரைக்கு மொசைக், சுவருக்கு டைல்ஸ். வாங்குகிறவர் இரண்டு படி ஏறி உள்ளே வந்து நிற்கலாம். மழைக்கு அது எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரியும். எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். சிறிது நாள் கழித்து, பர்பி இன்று போட்டதா என்று கவுண்டரில் இருந்த பையனைக் கேட்டேன். "தெரியாது சார், உள்ளேர்ந்து வருது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

அந்த வருடக் கோடையில் கடையின் பின்சந்து வழியாக வந்தபோது மாஸ்டரைப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், இப்ப சௌகரியமா இருக்கா?" என்றேன்.

"சௌகரியந்தான் சார். வெயில் இல்ல, புழுதி இல்ல, கண்ணு எரியல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "முன்னாடி நின்னப்ப நாலு பேரு மூஞ்சி தெரியும். நல்லாருந்தா நல்லாருக்குன்னுவாங்க. இல்லன்னா திட்டுவாங்க. இப்ப தட்டு போகுது, தட்டு வருது. அவ்வளவுதான்."

அவர் சொன்னதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். வாசல் அடுப்பில் நாம்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எண்ணியிருந்தேன். அவரும் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறுகின பாகை விற்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது, அதைத் தின்னப்போகிறவன் முகம் எதிரே இருந்ததால்தான். சுவர் எழும்பியதும் அந்த முகம் மறைந்தது. சுகாதாரத்துக்குச் சுவர் வேண்டும், அதை மறுக்கவே முடியாது. ஆனால் எந்த இன்ஸ்பெக்டரும் கொடுக்காத ஒரு காவலை அந்தப் பழைய அமைப்பு கொடுத்துவந்தது. அதற்கு மாற்றாக எதையும் வைக்காமலே அதை இடித்துவிட்டோம்.

கடை மூன்றாவது முறையும் மாறியது. இப்போது குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, வளைந்த கண்ணாடி போட்ட குளிர்பெட்டி, கூரைக்குள் பதித்த மஞ்சள் விளக்குகள், சீருடை போட்ட பிள்ளைகள். சமையல் கடையிலேயே இல்லை. தொழிற்பேட்டைப் பக்கம் கொட்டகை எடுத்திருக்கிறார்கள். புதிதா என்று கேட்டால் "காலைல வண்டியில வந்தது சார்" என்கிறார்கள். மாஸ்டர் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். எந்த வருடம் போனார் என்று விசாரித்தேன். இப்போது கடையில் இருப்பவர்களுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியவில்லை.

பெரிய கடைகள் கண்டுபிடித்த வழி

இந்தக் குறை பெரிய கடைக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கோயம்புத்தூரில் 1948-ல் மகாதேவ ஐயர் தொடங்கிய ஸ்ரீகிருஷ்ணா ஸ்வீட்ஸ், உள்ளே வருகிறவர் கையில் ஒரு துண்டு மைசூர்பாவைக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வதைப் பழக்கமாக வைத்துக்கொண்டது. கண்ணாடி பறித்துக்கொண்ட வேலையை நாக்குக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அடையாறில் 1982-ல் வந்த கிராண்ட் ஸ்வீட்ஸில் தொன்னையில் பிரசாதம் கொடுப்பார்கள். கோவிலுக்குப் போய்வந்த திருப்தியோடு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அடையாறு ஆனந்த பவன் மாதிரிக் கடைகள் முன்னால் மிட்டாய்க் கவுண்டர், பின்னால் சாப்பாட்டு ஹால் என்று அமைத்தன. தோசை சாப்பிட வருகிறவர் மிட்டாயைக் கடந்துதான் போக வேண்டும், திரும்பும்போதும் கடந்துதான் வர வேண்டும். சில கடைகளில் ஜிலேபிக்கு மட்டும் முன்னால் ஒரு அடுப்பு வைத்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் பிழிகிறார். லாலா கடை அடுப்பு அலங்காரப் பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது. பிழிகிறவருக்கும் நமக்கும் நடுவில் கண்ணாடி இருப்பதால் பாகு முறுகியதைச் சொல்ல அவருக்கு வழியில்லை.

தேதிச் சீட்டு

கடைசியாக வந்த மாற்றம் மிகச் சிறியது. கவனிக்காதவர்கள் நிறைய. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் உத்தரவுப்படி 2020 அக்டோபர் 1 முதல், பெட்டியில் அடைக்காமல் தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கும் 'எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும்' என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. தயாரித்த தேதியைப் போடுவது கடைக்காரர் விருப்பமாக இருந்தது. கெடும் தேதி அப்போது கட்டாயமாக இருந்தது. எத்தனை நாள் தாங்கும் என்று ஆணையம் ஒரு வழிகாட்டியும் வெளியிட்டது. கலாகண்ட் வகை அன்றன்றைக்கே தீர வேண்டும், ரசகுல்லா மாதிரிப் பால் இனிப்புகள் இரண்டு நாள் என்றெல்லாம் அதில் இருந்தது.

அதைப் படித்தபோது மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது. அவர் வாயால் சொன்னதை ஒரு சீட்டு சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் தெருக் கடைகளில் போய்ப் பாருங்கள். விலை எழுதிய சீட்டு பெரிய எழுத்தில் முன்னால் நிற்கும். தேதி எழுதிய சீட்டு இருந்தால் தட்டுக்குப் பின்னால், நம் கண்ணாடிக்கு எட்டாத எழுத்தில் இருக்கும். சில கடைகளில் அதே தேதி நாலு நாளாக நிற்கிறது. முப்பத்தைந்து வருடம் ஆபீசில் தேதியும் எண்ணும் எழுதிக் கழித்தவனுக்கு இது உடனே கண்ணில் படும்.

ஆகவே நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். கவுண்டர்ப் பிள்ளையிடம் "தம்பி, அந்தத் தேதிச் சீட்டை எடுத்துக் காட்டு" என்பேன். முதலில் விழித்தார்கள். இப்போது நான் கதவைத் தள்ளும்போதே எடுத்து வைக்கிறார்கள். சரியில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுவேன். பாதாம் கேக் என்று நாலு நாள் முன்பு ஒரு பெண் பிள்ளை தானாகவே மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, இது வேணாம், சாயங்காலம் புதுசு வரும்." அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

பேரப் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் நாம்தான். ஊரில் பகல் நேரத்தில் கடைக்குப் போக நேரம் இருப்பவர்களும் நாம்தான். நாலு பேர் கேட்டால் சீட்டு முன்பக்கம் வந்துவிடும். அதோடு வயதானவர்கள் உட்கார ஒரு ஸ்டூலும் கேட்டு வாங்க வேண்டும். அவ்வளவு மஞ்சள் விளக்குக்குச் செலவழிக்கிறவர்களுக்கு அது ஒரு பாரமா?

உங்கள் ஊர் மிட்டாய்க் கடையில் அடுப்பு எங்கே இருந்தது, அதன்முன் நின்றவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று எழுதுங்கள். கொரட்டூர்க் கடை மாஸ்டரின் பெயரை நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.